கோடை மழையில் நனைந்த மலைப் பாதையில் குழந்தையையும் வயதான அம்மாவையும் கூட்டிப்போகலாமா?

போகலாம். தயங்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஏப்ரல், மே மழையில் ஈரமாகிக் கிடக்கும் பாதையில் 9 வயதுப் பையனும் 60 தாண்டிய அம்மாவும் நடக்க முடியுமா, நல்ல ஷூ வாங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளி விடுமுறைக்குச் சமவெளியிலிருந்து தேக்கடி, வாகமண் பக்கம் வருகிறவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் கேரளப் பக்கத்துக் குமுளியில் இருக்கிறேன். பிறந்தது வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். என் அம்மா 31 வருடம் கொழுந்து பறித்தவர். வயதானவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருடத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் ஆட்களை விடுவார்கள். பெரியாறு புலிகள் காப்பகத்தின் எல்லை மேட்டில், 1,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. குமுளியிலிருந்து ஜீப் போகும். தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து ஏறினால் ஆறரை கிலோமீட்டர் போலக் காட்டுப் பாதை, நல்ல செங்குத்து. நடந்தே வருவதாக அம்மாவுக்கு ஒரு நேர்த்தி. அம்மா, நான், என் கணவர், அப்போது எட்டு வயதான என் மகன், அண்ணன் பிள்ளைகள் இருவர் என்று ஆறு பேர் விடியற்காலையில் கிளம்பினோம்.

முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. ஆனாலும் ஏறும்போது ஒரு கஷ்டமும் இல்லை. ஏறும்போது கால் விரல்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், வழுக்கினாலும் முன்னால் கையூன்றிக்கொள்ளலாம். சாமி கும்பிட்டு, பச்சை வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் மேகம் இறங்கியது. கால் மணி நேரம் கொட்டிவிட்டு நின்றது. மாலைக்குள் எல்லோரும் காட்டைவிட்டு இறங்கிவிடவேண்டும் என்பது விதி. எனக்கு அந்தப் பரபரப்பு. "மழை விட்டாலும் தண்ணி வடியணும் தாயி, அரை மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போவோம்" என்று அம்மா சொன்னார். நான் கேட்கவில்லை.

பாதி தூரம் இறங்கியிருப்போம். பிள்ளைகள் மூவரும் எங்களைத் தாண்டி முன்னால் ஓடினார்கள். ஈரச் சருகு மூடிய ஒரு பாறையில் என் மகன் கால் வைத்தான். அவன் விழுந்ததைக்கூட நான் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. இடது மணிக்கட்டுக்கு மேலே வளைந்திருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மாதான் இரண்டு குச்சியை ஒடித்து, முழங்கையும் மணிக்கட்டும் அசையாதபடி துண்டால் கட்டி, கழுத்திலிருந்து தொட்டில் மாதிரி தொங்கவிட்டார். "விரலை ஆட்டு ராசா" என்று ஆட்டிப் பார்க்கச் சொன்னார். விரல் வெளுக்கிறதா, மரத்துப்போகிறதா என்று வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தார். தோட்டத்தில் விழுந்தவர்களை எத்தனை பேரை அப்படிக் கட்டி அனுப்பியிருப்பாரோ! என் கணவர் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

எலும்பு கூடிவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் புகுந்த வீட்டில் "கிழவியையும் பிள்ளையையும் மலைக்கு இழுத்துக்கிட்டுப் போனா இப்படித்தான்" என்றார்கள். அம்மா ஒரு தடவைகூட வழுக்கவில்லை. இருக்கச் சொன்னவரும் அவர், அவசரப்பட்டவள் நான். இதைச் சொன்னால் அம்மாவுக்குப் பரிந்து பேசுகிறேன் என்பார்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

மாவுக்கட்டு போட்ட கையில் அம்மா தமிழில் அவன் பெயரை எழுதி, கீழே 'சீக்கிரம் நடக்கப் போவோம்' என்று எழுதினார். அவனால் அதை வாசிக்க முடியவில்லை. நான் படித்த பள்ளியில் தமிழ் வகுப்பை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் குறைவாம். இரண்டு தலைமுறையாக இந்த மலையில் உழைத்தவர்களின் பேரன் தன் பாட்டி எழுதியதை எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க முடியாமல் இருக்கிறான். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனால் அந்த மாவுக்கட்டை நினைத்தாலே இதுவும் சேர்ந்து வந்துவிடுகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஷூவுக்கு விலை முக்கியமில்லை, அடியில் பல் ஆழமாக இருக்கவேண்டும். என் மகன் போட்டிருந்தது பள்ளிக்குப் போட்டுத் தேய்ந்த ஷூ. அதைக் கிளம்பும்போதே புரட்டிப் பார்த்திருக்கவேண்டியவள் நான். இறங்கும்போது நீங்கள் கட்டாயம் குழந்தைக்குக் கீழே, முன்னால் போகவேண்டும். சறுக்கினால் உங்கள்மேல்தான் வந்து நிற்கும். என் அம்மா தோட்டத்துச் சரிவில் இறங்குகிற மாதிரி முழங்காலை லேசாக மடக்கி, பாதத்தைக் கொஞ்சம் குறுக்கே வைத்து, சின்னச் சின்ன அடியாக இறங்கச் சொல்லுங்கள். கறுத்துப் பளபளக்கும் பாறை, ஈர வேர், சருகு மூடிய கல் மூன்றையும் மிதிக்காமல் புல்லிலோ மண்ணிலோ கால் வைக்கவேண்டும். பெரியவர்களுக்கு ஒரு கம்பு போதும்.

கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடுதான் வரும். மதியம் 2 மணியிலிருந்து மின்னலுக்குக் கவனமாக இருக்கச் சொல்லி கேரளத்தில் எச்சரிக்கை கொடுப்பார்கள். அதனால் விடிந்ததும் ஏறி, மதியத்துக்குள் திறந்த புல்மேட்டைவிட்டு இறங்கிவிடுகிற மாதிரி திட்டம் போடுங்கள். நாங்கள் அன்று மேலே உட்கார்ந்திருந்த நேரமே தப்பு. குழந்தைக்கு ஒரு காய்ந்த சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், நனைந்த துணியோடு காற்றில் நின்றால் கோடையிலும் நடுங்கும். அட்டைக்குப் பயப்படவேண்டாம். உப்புத் துணியால் தொட்டால் விழுந்துவிடும். அப்புறமும் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், அது ஒன்றுமில்லை.

2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததைச் சொல்லி, மலைக்கே போகக்கூடாது என்று சிலர் இங்கே எழுதலாம். அது காய்ந்த காட்டில் பிடித்த தீ. அதனால் வனத்துறை பாதையை மூடியிருந்தால் வேறு வழி தேடாதீர்கள், திரும்பிவிடுங்கள். திறந்திருக்கிற பாதையில், மெதுவாக நடக்கிறவரின் வேகத்தில் எல்லோரும் நடந்தால் ஆறு பேரும் சேர்ந்தே வீடு வரலாம்.

அடுத்த வருடமும் போனோம். மழை பெய்தது. அம்மா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார், நாங்களும் உட்கார்ந்தோம். தண்ணீர் வடிந்தது என்று அவர் எழுந்த பிறகுதான் இறங்கினோம். நான் முன்னால் போனேன். என் மகன் பின்னால் வந்தான், அவன் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தார்.