ஆம்பூரில் பிறந்த 40 நாள் குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசியை பெங்களூரில் போடலாமா? அரசு மையத்திலா, தனியாரிலா?

தாராளமாகப் போடலாம். இந்த வயது ஊசிகளுக்கு அரசு அட்டவணை இந்தியா முழுக்க ஒன்றுதான். என் மகன் வேலூரில் அம்மா வீட்டில் பிறந்தவன். 35-ஆம் நாள் பெங்களூர் அல்சூருக்கு வந்துவிட்டோம். தமிழில் அச்சடித்த அட்டையைப் பார்த்து நர்ஸம்மா என்ன சொல்வாரோ என்று எனக்கு உதறல். அவர் தேதிகளை மட்டும் விரல் வைத்துப் பார்த்தார். பிறந்தபோது போட்ட பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி மூன்றும் இருந்தன. "சரி இதே, கூத்கொள்ளி" (சரியா இருக்கு, உட்காருங்க) என்று கன்னடத்தில் சொன்னார், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள். நம்ம ஊரில் ஊசி என்றால் புதன்கிழமை. இங்கே எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வியாழன். பழக்கதோஷத்தில் புதனன்று ஆட்டோ பிடித்துப் போய்ப் பூட்டிய அறையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

6 வாரம் முடிந்ததும் மூன்று குத்து: இடது தொடையில் பென்டாவேலன்ட் (கக்குவான் உட்பட ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), வலது தொடையில் நிமோனியா ஊசி, வலது மேற்கையில் தோலோடு ஒட்டிப் போலியோ ஊசி. வாயில் போலியோ சொட்டும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்தும். 10 வாரம் முடிந்ததும் ஒரே குத்து, 14-இல் திரும்ப மூன்று. போட்டதும் அரைமணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள், உட்காருங்கள்.

அன்று ராத்திரி அவன் உடம்பு கொதித்தது, இடது தொடை கல் மாதிரி. காய்ச்சல் எதிர்பார்த்ததுதான். பயந்தது மருந்தால்தான். குழந்தை டாக்டர் பாராசிட்டமால் சொட்டு மருந்து எழுதியிருந்தார். மருந்துக்கடைக்காரர் சிரப் கொடுத்துவிட்டார். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. ஒன்றுக்குச் சொன்ன அளவை மற்றதில் ஊற்றினால் கதை மாறிவிடும். அளவு குழந்தையின் எடைக்கு. டாக்டரிடம் மில்லியில் எழுதி வாங்குங்கள், பாட்டிலையும் படியுங்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டாலோ, மூன்று மணி நேரம் விடாமல் அழுதாலோ, பால் குடிக்காவிட்டாலோ காத்திருக்காதீர்கள். ஊசி போடாத நாளில் இந்த வயதில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தாலே டாக்டர்தான்.

அதே சமயத்தில் இடது தோளில் பிசிஜி போட்ட இடம் கொப்புளமாகிச் சீழ் வைத்தது. அத்தை மஞ்சளைக் குழைத்துக்கொண்டே வந்துவிட்டார். "வேண்டாம் அத்தே, அது தானா உடைஞ்சு ஆறும், தழும்பு விழணும்" என்றேன். நர்ஸம்மா வாயால் "ஏனூ ஹச்சபேடி" (எதையும் தடவாதீங்க) என்று கேட்ட பிறகுதான் கிண்ணம் கீழே போனது.

தனியாரில் "வலியில்லாத ஊசி" என்பார்கள். காய்ச்சல் குறைவுதான், ஆனால் கக்குவான் இருமலுக்கு அரசு ஊசியின் பாதுகாப்பு அதைவிட நீண்ட நாள் நிற்கும். அதனால் இந்த மூன்று தவணைக்கும் நான் காசு செலவழிக்கவில்லை. அரசு அட்டவணையில் இல்லாத டைபாய்டு, சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி, ஃப்ளூ ஊசிகளுக்குத்தான் பிற்பாடு தனியார் டாக்டரிடம் போனோம்.

பயணத்தால் நாலு நாள் தள்ளினால் பரவாயில்லை. தவணையை முதலிலிருந்து தொடங்கவேண்டாம். அட்டையின் எல்லாப் பக்கங்களையும் போனில் படமெடுத்து உங்கள் வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். எங்கள் அட்டை மேல் ஒருநாள் கிரைப் வாட்டர் கொட்டியது.