டச்சுல வெர்ப் ஏன் ரெண்டா உடையுது, ப்ரெபொசிஷனை எப்படி செலக்ட் பண்றது?

ப்ரெபொசிஷனை அர்த்தம் பாத்து முடிவு பண்ணாதீங்க, அங்கதான் எல்லாரும் மாட்டிக்கறோம். டச்சுல ட்ரெயினுக்கு வெயிட் பண்றேன்னா "இக் வாஹ்ட் ஓப் டெ ட்ரெய்ன்", ஓப்னா "மேல", அப்போ ட்ரெயின் மேலயா நிக்கிறோம்? இல்ல. நாமளும் "அவன்மேல கோவம்"னு சொல்றோம், "அவனுக்கு பயப்படுறேன்"னு சொல்றோம், ஏன்னு யாரும் யோசிக்கறதில்ல, அந்த உருபு அந்த வார்த்தையோடயே ஒட்டிக்கிட்டு வருது, அவ்ளோதான். அதனால வாஹ்டன்னு தனியா படிக்காம வாஹ்டன் ஓப்னே ஒரே வார்த்தையா மனப்பாடம் பண்ணுங்க. நினைக்கறதுக்கு டெங்கன் ஆன், நேசிக்கறதுக்கு ஹௌடன் ஃபான், அதே மாதிரி.

உடையுற வெர்புக்கு காதுதான் வழி. முன்னாடி துண்டுல அழுத்தம் விழுந்தா அது பிரியும். ஓப்பெல்லன், அதாவது போன் பண்றது, "இக் பெல் யெ மோர்ஹன் ஓப்", அதாவது நாளைக்கு உனக்கு போன் பண்றேன், இதுல ஓப் கடைசிக்கு ஓடிடும், ஆனா "டட் இக் யெ மோர்ஹன் ஓப்பெல்"னு துணை வாக்கியத்துல திரும்ப சேர்ந்துடும். பாஸ்ட் பார்ட்டிசிபிள்ல நடுவுல ஹெ நுழையும், ஓப்ஹெபெல்ட். பெ, ஃபெர், ஒன்ட்னு ஆரம்பிச்சா பிரியவே பிரியாது.

எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் ஃபோர்கோமன். ஃபோர்ல அழுத்தினா "நிகழ்றது", பிரியும்: "டட் கோம்ட் ஃபாக் ஃபோர்", இது அடிக்கடி நடக்கும். கோ-ல அழுத்தினா "தடுக்கறது", பிரியாது: "இக் ஃபோர்கோம் டட்". எழுத்துல ரெண்டும் ஒண்ணுதான், அதனால புது வெர்ப் எதையும் சத்தமா சொல்லியே படிங்க.