கப்பலேறிய ஆங்கிலேய முன்னோரைத் தேடுவது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் கணவரின் எள்ளுத்தாத்தா 1850-களில் தங்கம் தோண்ட ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்கு வந்தவர். பெயர் ஜான் ஸ்மித். இங்கிலாந்தில் எந்த ஊர் என்றே தெரியவில்லை. எங்கே தொடங்குவது? (மெல்பர்ன் வாசகி)

இங்கிலாந்துப் பதிவேடுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். அந்தப் பெயரில் அங்கே ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். அவர் இறந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். 1853-லிருந்து விக்டோரியாவின் இறப்புச் சான்றிதழ் ஒரு புதையல். தாய் தந்தை பெயர், தந்தையின் தொழில், பிறந்த ஊர், காலனியில் எத்தனை ஆண்டு இருந்தார், எந்த வயதில் எங்கே யாரை மணந்தார், பிள்ளைகளின் பெயரும் வயதும் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அதே காலத்து இங்கிலாந்துச் சான்றிதழில் இறந்தவரின் பெற்றோரையோ பிறந்த ஊரையோ எழுத இடமே கிடையாது.

விக்டோரியாச் சான்றிதழ் கையில் கிடைத்ததும் தகவல் சொன்னவர் யார் என்று முதலில் பாருங்கள். மனைவி, மகன் என்றால் ஓரளவு நம்பலாம். ஆஸ்பத்திரி ஊழியர் என்றால் பாதிக் கட்டங்களில் ‘தெரியாது’ என்றுதான் இருக்கும். அப்போதும் மனம் தளர வேண்டாம். அண்ணன் தம்பி யாராவது கூட வந்திருந்தால் அவருடைய சான்றிதழை எடுங்கள், இருவருக்கும் ஒரே பெற்றோர்தானே!

இங்கிலாந்திலிருந்து 1863-ல் கிளம்பிய கப்பலின் பயணிகள் பட்டியல் லண்டனில் கிடைக்குமா?

கிடைப்பது அரிது. லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளியே போனவர்களின் பட்டியல் வரிசையாக இருப்பது 1890-லிருந்துதான். அதனால் போய் இறங்கிய துறைமுகத்தில் தேடுங்கள். அரசு உதவியோடு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்குப் போனவர் என்றால் பெற்றோர் பெயரும் சொந்த ஊரும்கூடச் சிக்கலாம். நியூயார்க் பட்டியலில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் ‘இங்கிலாந்து’ என்பதோடு முடிந்துவிடும்.

இங்கிலாந்தின் 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் முன்னோரின் வயது 35, 1851-ல் 48. ஒரே ஆள்தானா?

தாராளமாக இருக்கலாம். 1841-ல் பதினைந்தைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 38 என்பது 35 ஆகிவிடும். பிறந்த ஊர் 1851-ல் இருக்கும், அதை வைத்து உறுதி செய்யுங்கள்.

எங்கள் முன்னோர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதி என்று தெரிந்தது. குடும்பத்தில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

சொல்லுங்கள். அப்படி நாடு கடத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் செய்தது திருட்டுதான். அதுவுமில்லாமல், சொந்த விருப்பத்தில் போன ஏழையைவிடக் கைதியைப் பற்றித்தான் அரசு அதிகம் எழுதி வைத்தது. கைதிகளை அனுப்பிய டாஸ்மேனியத் தீவின் பதிவேடுகளில் உயரம், கண் நிறம், தழும்பு, பச்சை குத்திய எழுத்துகள் வரை இருக்கும். அந்த எழுத்துகளை அலட்சியமாகக் கடக்காதீர்கள். மனைவி, உடன்பிறந்தவர்களின் முதலெழுத்துகளாக இருக்க வாய்ப்புண்டு. ஞானஸ்நானப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் பூட்டன் இங்கிலாந்திலிருந்து மெட்ராஸ் ரயில்வேக்கு வந்தவர். அவரைப் பற்றி எங்கே தேடுவது? (பெரம்பூர் வாசகர்)

அன்றைய மெட்ராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் ‘என்/2’ என்ற வரிசையில் இருக்கின்றன. குடும்ப வரலாறு தேட உதவும் ஃபைண்ட்மைபாஸ்ட் இணையதளத்திலும் பார்க்கலாம். பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவை முதலில் எடுங்கள். தகப்பனாரின் வேலை அதில் இருக்கும், ஒரே பெயர்க்காரர் இருவர் வந்தால் அதை வைத்துப் பிரித்துவிடலாம்.