ஏடிஎம் கார்டு யார் கையில்?

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். வயது 21. சம்பளம் ஏறிய அன்றே அண்ணன் மொத்தத்தையும் எடுத்துவிடுகிறார். கார்டு அவரிடம்தான் இருக்கிறது. கேட்டால் வீட்டில் சண்டை. என்ன செய்வது?
- வாசகி, திருப்பூர்

வீட்டுக்குப் பணம் கொடுப்பது வேறு, கணக்கையே கொடுத்துவிடுவது வேறு. எட்டு மணி நேரம் நின்று சம்பாதித்த பெண், பஸ் செலவுக்குக் கை நீட்டி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. கார்டைப் பிடுங்குவதில் தொடங்காதீர்கள். “மாதம் இவ்வளவு நானே எடுத்துத் தருகிறேன்” என்று அம்மாவிடம் ஒரு தொகையைச் சொல்லுங்கள். வீட்டுச் செலவு நிற்காது என்று தெரிந்தால் அம்மா உங்கள் பக்கம் பேசக்கூடும்.

கணக்கோடு இணைந்திருக்கும் செல்போன் எண் யாருடையது என்றும் பாருங்கள். அண்ணனுடையது என்றால், பாஸ்புக், ஆதாருடன் வங்கிக்கு நேரில் போய் உங்கள் எண்ணுக்கு மாற்றுங்கள். அது மாறாமல் ரகசிய எண்ணை மட்டும் மாற்றிப் பயனில்லை. கார்டு திரும்பி வராவிட்டால் அதை முடக்கி, புதிது கேட்கலாம். கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது, வேறு யார் அனுமதியும் தேவையில்லை. கையில் மிஞ்சுவதை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுங்கள். மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம்.

சூப்பர்வைசர் தோளில் கை வைத்துப் பேசுகிறார். சொன்னால் வேலை போய்விடுமோ?
- வாசகி, அவிநாசி

இன்று இரவே ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், பக்கத்தில் இருந்தவர்கள். பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், விசாகா கமிட்டி என்று பலரும் சொல்லும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் கம்பெனிக்கு வெளியே இருந்து வருபவர். மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். விசாரணை முடியும்வரை உங்களையோ அவரையோ வேறு பிரிவுக்கு மாற்றும்படி எழுதிக் கேட்கலாம். முதலாளிமீதே புகார் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். வழி தெரியாவிட்டால் 181க்குப் போன் செய்யுங்கள். தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை.

கம்பெனி மாறுகிறேன். பி.எப். பணத்தை எடுத்துவிடலாமா?
- வாசகி, பல்லடம்

வேண்டாம். உங்கள் பி.எப். கணக்குக்கான 12 இலக்க யூஏஎன் எண்ணைப் புதிய கம்பெனியில் கொடுத்துப் பழைய தொகையை அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பி.எப். வழியாக வரும் ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணி வேண்டும். இடையில் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் போய்விடும். வாரிசு நியமனத்தையும் சரிபார்த்துவிடுங்கள்.