அந்த 17 நொடி

அன்புள்ள அக்கா,

மருத்துவமனைத் தொடர்களைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். அவற்றில் வரும் நோயாளிகள் கறிவேப்பிலை மாதிரி, மணம் கொடுத்ததும் இலை ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள் என்று சொல்லியிருந்தீர்கள். ஒரே ஒரு வாரம் வந்து போகிறவர்களுக்கு அது சரி. ‘கிரேஸ் அனாட்டமி’யில் வரும் டென்னியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவீர்களா?

போன ஆண்டு அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி 11 நாள் வார்டில் இருந்தார். அவர் தூங்கும் நேரத்தில் வராந்தாவில் உட்கார்ந்து கைப்பேசியில் அந்தத் தொடரின் இரண்டாம் பருவத்தைப் பார்த்தேன். டென்னி செத்த இடத்தில் அழுத அழுகையைப் பார்த்து ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) ஓடிவந்து, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார். என் அண்ணன், “சொந்த அப்பா உள்ளே படுத்திருக்கார், நீ சீரியலுக்கு அழறே” என்று திட்டினான். அப்பா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் அண்ணன் சொன்னது இன்னும் உறுத்துகிறது. நான் அழுதது பொய்யா அக்கா?

– பெயர் வேண்டாம், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அண்ணனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வார்டு வராந்தாவில் 11 நாள் உட்கார்ந்தவருக்கு உள்ளே படுத்திருப்பவரின் முகத்துக்கு நேராக அழ முடியாது. அழுகை எங்கேயாவது வழி தேடும். நீங்கள் அழுதது அப்பாவுக்காகத்தான், டென்னி அதற்கு ஓர் இடம் கொடுத்தார். அதில் பொய் எதுவும் இல்லை.

டென்னியைக் கறிவேப்பிலையில் சேர்ப்பேனா என்பதுதான் கடினமான கேள்வி. மூன்று நாளாக யோசித்தேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 2005இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் அது. சியாட்டல் நகரில் இருப்பதாகக் காட்டப்படும் ஒரு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்கள் சிலரின் கதை. இரண்டாம் பருவத்தில் டென்னி டுகெட் என்ற இதய நோயாளி வருகிறார். ஜெஃப்ரி டீன் மோர்கன் நடித்தார். மாற்று இதயம் வரும்வரை உயிரைப் பிடித்து வைக்க, இதயத்தின் இடது கீழறைக்கு உதவியாக ஒரு பம்பு பொருத்துகிறார்கள். காத்திருக்கும் அந்தக் காலத்தில் இஸ்ஸி என்ற பயிற்சி மருத்துவருக்கும் அவருக்கும் காதல் வருகிறது.

ஒருவழியாக இதயம் ஒன்று கிடைக்கிறது. ஆனால் வேறொரு மருத்துவமனையில் வேறொரு நோயாளியும் அதற்காகக் காத்திருக்கிறார். அவர் பெயர் டென்னியின் பெயருக்கு 17 நொடி முன்னால் பட்டியலில் ஏறியிருக்கிறது. அதனால் இதயம் அவருக்குத்தான். யார் நிலைமை மோசமோ அவருக்கே முதலிடம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, இஸ்ஸி டென்னியின் பம்பு வயரை வெட்டுகிறார். டென்னி சாவின் விளிம்புக்குப் போகிறார், பட்டியலில் மேலே ஏறுகிறார், இதயம் கிடைக்கிறது. ஆனால் பிறகு இரத்தக் கட்டி ஒன்று மூளைக்குப் போய் இறந்துவிடுகிறார். இளஞ்சிவப்புக் கவுன் போட்டுக்கொண்டு ஓடிவரும் இஸ்ஸி, உயிரில்லாத உடம்பின் பக்கத்தில் ஏறிப் படுத்துக்கொள்கிறார். 2006 மே 15 அன்று ஒளிபரப்பான காட்சி அது. நீங்கள் அழுத இடமும் அதுதானே?

நானும் அழுதேன். ஆனால் நான் அதைப் பார்த்தது என் அம்மாவோடு. அதனால் எனக்கு அந்தக் கதை வேறு மாதிரி முடிந்தது.

அம்மாவுக்குச் சர்க்கரை. அது சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. நம் நாட்டில் இன்று 50,000 பேருக்கு மேல் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள், அதில் சர்க்கரையால் வந்தவர்களே அதிகம். நம் வீடுகளில் இது எத்தனை சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். செந்தூலில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் அம்மாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அப்படி ஒன்பது ஆண்டு.

திரும்பத் திரும்ப வரும் நோயாளி என்றால் எனக்கு அம்மாதான். வாசலில் எடை பார்ப்பார்கள். போன தடவையைவிட இரண்டு கிலோ ஏறியிருந்தால், “அம்மா, தண்ணி நெறைய குடிச்சிட்டீங்களா?” என்று மிஸ்ஸி கேட்பார். திருட்டைக் கண்டுபிடித்த மாதிரி அம்மாவின் முகம் சுருங்கிப்போகும். இடது முன்கையில், தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம் கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். அதன் மேல் விரலை வைத்தால் உள்ளே தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஓர் அதிர்வு. தினமும் காலையில் எழுந்ததும் அம்மா முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார். அதிர்வு நின்றுவிட்டால் ஊசி போட வழியில்லை. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) பெலிம்பிங் என்ற நட்சத்திரப் பழம் கொண்டுவந்து கொடுத்தபோது அதை வாங்கி, நன்றி சொல்லி, அவர் போனதும் என் கையில் கொடுத்துவிட்டார். சிறுநீரகம் போனவர்களுக்கு அந்தப் பழம் விஷம்.

இரத்தம் வெளியே போய்ச் சுற்றி வருவதால் குளிரும். போர்வைக்குள் இருந்து ஒரு கை மட்டும் வெளியே நீட்டியிருக்கும், அதை அசைக்கக் கூடாது. அந்த நான்கு மணி நேரத்துக்காக ஒரு சின்ன டிவிடி பிளேயர் வாங்கிக் கொடுத்தேன். கீழே மலாயில் எழுத்து ஓடும். தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவர் என்றாலும் அம்மா மலாய் நன்றாகப் படிப்பார். முதல் அரை மணியும் கடைசி அரை மணியும் என்னைப் பக்கத்தில் உட்கார விடுவார்கள். மீதியை அம்மாவே பார்த்துவிட்டு எனக்குக் கதை சொல்வார்.

டென்னியை அம்மாவுக்குப் பிடிக்கும். ஆனால் முதல் நாளே ஒன்று சொன்னார்: “இவன் ஏம்மா எப்பப் பார்த்தாலும் சிரிச்ச முகமா இருக்கான்? ஒரு நாளாச்சும் எரிஞ்சு விழ மாட்டானா?” ஒன்பது ஆண்டு நாற்காலியில் கிடந்தவர் கேட்ட கேள்வி அது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எரிந்து விழுகிற நோயாளியும் இல்லாமல் இல்லை. 1982இலிருந்து 1988வரை ஓடிய ‘செயின்ட் எல்ஸ்வேர்’ தொடரில் ஹஃப்னாகல் என்று ஒரு வயதான அம்மா மறுபடி மறுபடி வந்து படுப்பார். சாப்பாடு சரியில்லை, டாக்டர் சரியில்லை என்று ஓயாமல் குறை சொல்வார். அவர் இருக்கும் பக்கமே போக மருத்துவர்கள் பயப்படுவார்கள். ஃப்ளோரன்ஸ் ஹேலப் என்ற நடிகை அந்த அம்மாவுக்கு உயிர் கொடுத்தார். கடைசியில் கட்டில் மடங்கி, அதற்குள் சிக்கி இறந்து கிடப்பார். அந்த அம்மாவுக்காக யாரும் கவுன் போட்டுக்கொண்டு ஓடிவரவில்லை. ஆனால் வார்டில் கொஞ்ச நாள் இருந்த யாருக்கும் அவரைத் தெரியும்.

டென்னி அழகாக எழுதப்பட்டவர். ஆனால் அவரை எழுதியது இஸ்ஸிக்காக. செத்த பிறகும் பாருங்கள், அவர் விட்டுப்போன 87 லட்சம் டாலர் இஸ்ஸிக்குப் போகிறது, அந்தப் பணத்தில் ஒரு கிளினிக் வருகிறது. ஐந்தாம் பருவத்தில் ஆவியாக மறுபடி வருகிறார். பிறகுதான் தெரிகிறது, இஸ்ஸிக்குத் தோல் புற்றுநோய் வந்து மூளைவரை பரவியிருக்கிறது, அதனால்தான் டென்னி கண்ணுக்குத் தெரிகிறார் என்று. வாழும்போது டாக்டரின் காதலர், செத்தபின் டாக்டரின் நோய்க்குறி. அவருக்கென்று எதுவும் மிச்சமில்லை. கறிவேப்பிலை என்று நான் சொன்னது இதைத்தான். உங்கள் அழுகையை அது எந்த விதத்திலும் குறைக்காது.

இனி அந்த 17 நொடி.

அம்மாவின் பெயரும் ஒரு பட்டியலில் இருந்தது. இறந்தவர்களின் உறுப்புகள் நம் நாட்டில் கிடைப்பது மிகக் குறைவு. உறுதிமொழி கொடுத்து வைத்திருந்தாலும், கடைசி நேரத்தில் குடும்பம் வேண்டாம் என்றால் எடுக்கமாட்டார்கள். அதனால் பட்டியல் நகராது. அம்மாவின் ஆறாவது ஆண்டில், ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசி வந்தது. உடனே வாருங்கள், எதுவும் சாப்பிடாதீர்கள், தண்ணீரும் வேண்டாம் என்றார்கள். பொருத்தம் பார்ப்பதற்காக ஒரு சிறுநீரகத்துக்கு ஒருவருக்கு மேல் கூப்பிடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. போய்ப் பார்த்தால் பெஞ்சில் இன்னொரு குடும்பம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், அவர் மனைவி, தூங்கி விழும் ஒரு பையன்.

இரத்தம் எடுத்தார்கள். விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். அம்மா அந்தப் பையனின் தலைக்குத் தன் பையை வைத்துவிட்டார். அந்தப் பையில் மாற்றுச் சேலையும் மாரியம்மன் கோயில் விபூதிப் பொட்டலமும் இருந்தன. ஐந்தே காலுக்கு ஒரு டாக்டர் வந்து அந்த மனிதரைக் கூப்பிட்டார். எங்களிடம் தணிவான குரலில் இரண்டு வாக்கியம் பேசினார். நல்லபடியாகத்தான் பேசினார்.

அம்மா எழுந்து பையனின் தலைக்கடியில் இருந்து பையை எடுக்கவில்லை, விபூதிப் பொட்டலத்தை மட்டும் உருவி எடுத்தார். அந்த மனைவியின் கையில் கொடுத்தார். “எல்லாம் நல்லா வரும், போ” என்றார். அதற்குப் பிறகு காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாலான் துன் ரசாக்கில் போகும்போது வெளுக்கத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை வழக்கம்போல எடை பார்த்தார்கள்.

அந்த ஜாலான் துன் ரசாக்கில்தான் தேசிய இதய மருத்துவமனையான ஐஜேஎன் இருக்கிறது. நம் நாட்டின் முதல் இதய மாற்று 1997இல் அங்கேதான் நடந்தது. 2007 அக்டோபரில் 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அங்கே நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். ஓராண்டளவு இயந்திர இதயத்தோடு காத்திருந்த பிள்ளை அவள். வைத்த இதயத்தை உடம்பு ஏற்கவில்லை, அடுத்த நாளே இன்னோர் இதயம் வைத்தார்கள். நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தி கேட்டது. எங்கள் வீட்டில் அம்மா அந்த இரண்டு நாளும் விளக்கை அணைக்கவில்லை. இரண்டு வீட்டில் பிள்ளைகளைப் பறிகொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே, அவர்களுக்காகவும்தான் அந்த விளக்கு என்றார்.

இத்தனையும் மனதில் இருந்ததால், இஸ்ஸி வயரை வெட்டியபோது அம்மா படத்தை நிறுத்தச் சொன்னார். அன்று கடைசி அரை மணியில் நான் பக்கத்தில் இருந்தேன்.

“இந்தப் பொண்ணு அறுத்துட்டா. சரி. அந்த இன்னொருத்தன் ராத்திரி வீட்டுக்குப் போயிருப்பான்ல, அவனை யாரு கூட்டிக்கிட்டுப் போனாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தொடரும் அப்போது காட்டவில்லை. அந்த மனிதரின் முகம்கூட நமக்குத் தெரியாது. டென்னியின் முகத்தை அவ்வளவு அருகில் கொண்டுவந்து, அந்த முகத்தை மறைத்துவிட்டதால்தான் நம்மால் இஸ்ஸியின் பக்கம் நிற்க முடிகிறது. இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருந்தால் அந்த வயரை எழுத்தாளர்களால் வெட்டியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். என் குறை இது ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. பட்டியல் என்பது கதைக்குத் தடையாக நிற்கும் காகிதம் இல்லை. அதில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு பையன் தூங்கி விழுந்துகொண்டிருப்பான்.

ஆனால் தொடரை எழுதியவர்களுக்கு ஒரு மரியாதையும் செய்ய வேண்டும். ஐந்தாம் பருவத்தில், 2008இல், அந்த மனிதரைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். அவர் சாகவில்லை. அன்று இதயத்தைப் பறிகொடுத்துவிட்டு இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறார். அவருடைய மருத்துவரான ஹான் இப்போது இஸ்ஸியின் மருத்துவமனையிலேயே வேலை பார்க்கிறார். அங்கே நடந்தது தெரிந்ததும் கொதித்துப்போகிறார். இதில் இரண்டு பக்கம் என்று பேச எதுவுமில்லை என்று சண்டை போட்டுவிட்டு மருத்துவமனையை விட்டே போய்விடுகிறார். டென்னி பகுதியை விரும்புகிறவர்கள் பலர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் இன்னும் அதுவரை பார்க்கவில்லை என்றால் பாருங்கள், தங்கை. அப்பாவோடு சேர்ந்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

அம்மா 2019இல் காலமானார். பட்டியலில் பெயர் இருக்கும்போதே.

ஹான் சண்டை போடும் அந்த அத்தியாயத்தை அம்மா பார்த்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நான் உள்ளே போனபோது அம்மா டிவிடி பிளேயரை என் பக்கம் திருப்பினார். “வந்துட்டான், பாரு” என்றார். ஊரில் இருந்து சொந்தக்காரர் வந்த மாதிரிச் சொன்னார். பின்னால் ஓட்டி, அந்த மனிதரின் முகம் வரும் இடத்தை மறுபடி போடச் சொன்னார். நான் போட்டேன். மிஸ்ஸி ஊசியை எடுக்க வந்தார். ஊசியை எடுத்ததும் அந்த இடத்தில் பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், அதை எப்போதும் அம்மாவே செய்துகொள்வார். அன்று என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு கையால் திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.