அண்ட்ரொய்ட் திறந்த மூல மென்பொருள் என்கிறார்களே, என் கைத்தொலைபேசியில் அதை நானே மாற்ற முடியாமல் இருப்பது ஏன்?

அண்ட்ரொய்டின் அடித்தளத்தின் மூலநிரலைப் பெறுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. மாற்றிய நிரலை அதே தொலைபேசியில் ஓடவிடும் உரிமைதான் இழுபறியில் இருக்கிறது.

அண்ட்ரொய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கர்னல், அதாவது வன்பொருளை நேரடியாக இயக்கும் மையநிரல். அதன் உரிமம் 1991இல் வந்த ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பு. அதன்படி தொலைபேசியை விற்பவர் கர்னலின் மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும். நீங்கள் அதைத் திருத்தித் தொகுக்கலாம், தடையில்லை. ஆனால் தொலைபேசி எழும்பும்போதே, கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் என்ற சிறு நிரல் அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. பூட்லோடர் பூட்டியிருந்தால், உற்பத்தியாளரின் கையொப்பம் இல்லாத கர்னலை அது ஏற்காது.

இந்த வித்தையால் பெயர்பெற்றது டிவோ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி. ஜிபிஎல் உரிமத்தை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதைக் கடுமையாக எதிர்த்தார். 2007 ஜூனில் வெளியான ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, வீட்டுப் பாவனைக் கருவிகளை விற்பவர் மாற்றிய நிரலை நிறுவத் தேவையான தகவலையும், தேவைப்பட்டால் கையொப்பமிடும் சாவியையும் கொடுக்க வேண்டும் என்றது. லினக்ஸ் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உடன்படவில்லை. நிரலைத் திருப்பித் தந்தால் போதும், வன்பொருளை எப்படிச் செய்வது என்பது செய்தவர் பாடு என்பது அவர் நிலை. கர்னல் பழைய உரிமத்திலேயே நின்றுவிட்டது.

அவர் வாதம் நேர்மையானதுதான். ஆனால் கடையில் புதிதாக வாங்கி, சலித்ததும் மாற்றுகிறவருக்கே அது பொருந்தும். இங்கே யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் கனடாவிலிருந்து சித்தியோ லண்டனிலிருந்து அண்ணாவோ அனுப்பிய பழைய தொலைபேசிதான் பாவனையில் இருக்கிறது. பலவேளை பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பிறகுதான் அது நம் கைக்கு வருகிறது. லினேஜ் ஓஎஸ் போன்ற, தன்னார்வலர்கள் பராமரிக்கும் அண்ட்ரொய்ட் வடிவம் ஒன்றைப் போட்டால் இன்னும் சில வருடங்கள் பாவிக்கலாம். அதற்குப் பெரும்பாலும் தடையாக நிற்பது இந்தப் பூட்லோடர் பூட்டுத்தான்.

கடைக்காரர் 'அன்லொக் செய்தாயிற்று' என்றால் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும் சிம் பூட்டைத்தான் சொல்கிறார். பூட்லோடர் பூட்டு வேறு. என் மச்சான் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய தொலைபேசியில் எந்த சிம்மும் வேலை செய்தது, பூட்லோடர் மட்டும் திறக்கவே இல்லை. தொலைபேசிச் சேவை நிறுவனம் ஒன்று தவணைக்கு விற்ற கருவி அது. அதே மாதிரியைக் கடையில் நேராக வாங்கியவர்களுக்குத் திறக்கிறது என்பதுதான் எரிச்சல்.

ஆகவே அனுப்புகிறவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்: டெவலப்பர் அமைப்புகளில், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் 'ஓஇஎம் அன்லொக்கிங்' என்ற தெரிவை அழுத்த முடிகிறதா, மங்கிக் கிடக்கிறதா? மங்கிக் கிடந்தால் பெரும்பாலும் நம்பிக்கை வைக்க வேண்டாம். அழுத்த முடிந்தாலும் சில நிறுவனங்கள் தங்களிடம் தனியாக அனுமதி கேட்கச் சொல்லும். திறக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், படங்களை முதலில் எடுத்துவிடுங்கள். திறந்த தொலைபேசியில் சில வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும். அதற்கென்றே நான் பூட்டிய பழைய தொலைபேசி ஒன்றை மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன்.