கிணறு வற்றுகிறது, பெரிய மோட்டார் வாங்கலாமா?

கேள்வி: திருக்கோவிலூர் பக்கம் மூன்று ஏக்கர். 20 அடி விட்டத்தில் வட்டக் கிணறு, 45 அடியில் பாறை, அதுவரை மணல் கலந்த மண். பங்குனியில் 10 அடி தண்ணீர் நிற்கிறது. 5 ஹெச்பி மோட்டார் போட்டால் மூன்றரை மணி நேரத்தில் காற்று இழுக்கிறது, மறுநாள் காலைக்குள் 7 அடிதான் ஊறுகிறது. 200 லிட்டர் டிரம் 25 நொடியில் நிறைகிறது. கடைக்காரர் ஏழரை ஹெச்பி வாங்கச் சொல்கிறார். போர்க்காரர் பக்கத்திலேயே போர் போடலாம், நாலரை இன்ச் வேண்டாம், ஆறரை போட்டால் தண்ணீர் இரண்டு மடங்கு என்கிறார். இன்னொருவர் 40 ஆயிரம் கொடுத்தால் கம்ப்யூட்டரில் மாடல் போட்டு எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்கிறாராம். எதை வாங்குவது சார்?

பதில்: டிரம் கணக்கை எழுதியதற்கு முதலில் நன்றி, பாதிப் பேர் அதை எழுதுவதே இல்லை. 25 நொடிக்கு 200 லிட்டர் என்றால் மணிக்கு 28,800. மூன்றரை மணி நேரத்தில் சுமார் ஒரு லட்சம் லிட்டர் இறைக்கிறீர்கள். உங்கள் கிணற்றில் ஓர் அடித் தண்ணீர் என்பது ஏறக்குறைய 8,900 லிட்டர், 10 அடிக்கு 89 ஆயிரம். அப்படியானால் அந்த நேரத்தில் மண்ணிலிருந்து ஊறியது வெறும் 12 ஆயிரம்தான், மற்றதெல்லாம் ராத்திரி சேர்ந்து நின்றது. ஏழரை ஹெச்பி போட்டால் இதே தண்ணீர் இரண்டேகால் மணி நேரத்தில் தீரும், அவ்வளவுதான். மோட்டார் வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களுடையது மேலே களிமண் மூடி இல்லாத நீர்த்தாங்கி, அதாவது தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் மண் அடுக்கு. நீர்மட்டம் இறங்க இறங்க, தண்ணீர் வந்து சேரும் அந்த ஈர மண்ணின் தடிமனே குறைந்துகொண்டு போகும். 1863-இல் டூப்யூயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் போட்ட கணக்குப்படி, நிற்கும் தண்ணீரில் பாதி மட்டத்துக்கு இறக்கினாலே கிடைக்கக்கூடிய அதிகபட்ச ஊற்றில் 75 சதவீதம் வந்துவிடும், மீதிப் பாதியையும் உறிஞ்சினால் கிடைப்பது வெறும் 25. அந்த 25-க்காகத்தான் மோட்டார் காற்றிழுத்து காயில் கருகுகிறது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் கொஞ்சம் என்று பிரித்து இறைத்துப் பாருங்கள்.

போர் விஷயம். ஆறரை இன்ச் குழாயின் வாய்ப்பரப்பு நாலரையைவிட இரண்டு மடங்கு, அது உண்மை, அதை வைத்துத்தான் போர்க்காரர்கள் பேசுகிறார்கள். ஆனால் ஊற்று வாய்ப்பரப்பைப் பார்த்து வருவதில்லை, மடக்கைக் (லாகரிதம்) கணக்கில் வருகிறது, அதாவது குழாய் பெரிதானாலும் ஊற்று கொஞ்சம்தான் கூடும். போரின் பாதிப்பு 100 மீட்டர் வரை எட்டுகிறது என்று வைத்தால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 5 சதவீதம். பெரிய பம்ப் உள்ளே இறங்க வேண்டுமானால் ஆறரை போடலாம், தண்ணீருக்காகப் போடாதீர்கள். அதோடு கிணற்றுப் பக்கத்திலேயே அதே மணலில் போட்டால் இரண்டும் ஒரே தண்ணீரைத்தான் பங்கு போடும். பாறைக்குள் இறக்கினால் வெடிப்பு சிக்குவதைப் பொறுத்தது, அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

மாடல்காரரை நான் மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் மாட்ஃப்ளோ என்ற கம்ப்யூட்டர் நிரல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 1984-இல் வெளியிட்டது, இன்றும் இலவசம். நீங்கள் காசு கொடுப்பது அளவெடுப்பதற்குத்தான். எத்தனை மணி நேரம் இறைத்துப் பார்ப்பார், மட்டம் பார்க்கத் தள்ளி ஒரு கிணறு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஒரு மணி நேர டெஸ்ட் என்றால் வேண்டாம், அந்த ஒரு மணி நேரமும் கிணற்றில் நின்ற தண்ணீரைத்தான் அளக்கிறார். அதற்கப்புறமும் ஓர் ஏமாற்று இருக்கிறது: இந்த வகை மண்ணில் மட்டம் முதலில் சட்டென்று இறங்கும், பிறகு மேல் மண்ணில் தங்கியிருந்த ஈரம் மெல்ல வடிந்து சேர்வதால் நடுவில் நிலைத்தது போலத் தெரியும், அப்புறம் மறுபடி இறங்கும். நியூமன் என்ற நிலத்தடி நீர் ஆய்வாளர் 1972-இல் இதற்குக் கணக்கே எழுதியிருக்கிறார். அந்த நடுக்கட்டத்தில் டெஸ்ட்டை நிறுத்தினால் வற்றாத கிணறு என்றே ரிப்போர்ட் வரும். இப்படிப்பட்ட இடத்தில் 72 மணி நேரம் இறைத்துப் பார்ப்பதுதான் வழக்கம்.

ஒரு கிணற்றுக்கு 40 ஆயிரம் அதிகம் சார். சுற்றியுள்ள நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து, யார் கிணறு யார் தண்ணீரை இழுக்கிறது என்று பார்ப்பதானால் பேசலாம். அதுவரை முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை இறக்கி, மோட்டாரை நிறுத்திய பிறகு மணிக்கு ஒரு தரம் மட்டத்தைக் குறித்து வையுங்கள். எவர் வந்தாலும் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.